“மேடம், நீங்க யாரு பக்கம்?”

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசு உதவி வழக்கறிஞரின் பதில்கள்

“அரசு வக்கீல் பற்றிக் கேளுங்கள்” என்று போன இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டாலும் போட்டார், பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதிப் பேர் வழக்கு எண் முதற்கொண்டு எழுதி, “நீங்களே வந்து நடத்திக் கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். கறுப்பு கவுனை மடித்து பீரோவில் வைத்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 26 வருடம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் ஏ.பி.பி.யாக, அதாவது அரசு உதவி வழக்கறிஞராக நின்றவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். வழக்கு நடக்கும்போது பெயர் பத்திரிகையில் வருவது நல்லதில்லை.

நிலத் தகராறில் என் தம்பியின் கையை ஒடித்துவிட்டார்கள். வழக்கு இரண்டு வருடமாக நடக்கிறது. எங்கள் அரசு வக்கீல் இதுவரை எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டுமா? நாங்கள் வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அவருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. அவர் பெயரைச் சொல்லி வராந்தாவில் யாராவது கை நீட்டினால் அவரிடமே போய் நேராகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். அவர் உங்கள் வக்கீல் இல்லை. வழக்குத் தாளின் தலைப்பைப் பாருங்கள், உங்கள் தம்பி பெயர் இருக்காது. “அரசுக்காக, காவல் ஆய்வாளர், இன்ன காவல் நிலையம்” என்று இருக்கும். தம்பி அதில் அ.சா.1, அதாவது அரசு தரப்பு முதல் சாட்சி. ஒடிந்தது தம்பியின் கைதான், ஆனால் வழக்கு அரசினுடையது. இது கேட்கக் கசப்பாக இருக்கும். பல குடும்பங்களிடம் இதைச் சொல்லி முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

அதற்காக அவர் உங்களிடம் பேசக் கூடாது என்று அர்த்தமில்லை. நான் இருந்த கோர்ட்டுகளில் ஒரு நாள் பட்டியலில் நாற்பது, ஐம்பது வழக்கு சாதாரணம். சில மாதங்கள் இரண்டு கோர்ட்டுக்கு ஒருத்தியே ஓடியிருக்கிறேன். காலை பத்தரைக்கு மாஜிஸ்திரேட் உட்கார்ந்த பிறகு எங்களைப் பிடிக்க முடியாது. விசாரணைக்கு முந்தின வேலை நாள் சாயங்காலம், கோர்ட் கலைந்த பிறகு போய் வழக்கு எண்ணைச் சொல்லிப் பாருங்கள். எலும்பு முறிவு என்கிறீர்கள், அதனால் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: எக்ஸ்ரே படம் கேஸ் கட்டில் இருக்கிறதா, படத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா? இவை இல்லாமல் கொடுங்காயம் சாதாரணக் காயமாகச் சுருங்கிப்போன வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொந்த வக்கீல் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவர் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்து அரசு தரப்புக்கு உதவலாம் என்று 2009 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் சொல்கிறது, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலும் 18ஆவது பிரிவில் அது இருக்கிறது. ஆனால் கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கான செஷன்ஸ் வழக்கில் அவர் அரசு வக்கீலை ஓரம் தள்ளிவிட்டுத் தானே சாட்சியை விசாரிக்க முடியாது. கேட்க வேண்டியதை அரசு வக்கீல் மூலமாகத்தான் கேட்க வேண்டும் என்று 2019இல் மேற்கு வங்கத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சியம் முடிந்ததும் நீதிபதி அனுமதித்தால் எழுத்து மூலமாக வாதம் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கொஞ்சம் தாராளம்: அனுமதி கேட்டு வழக்கையே நடத்தலாம். பழைய சட்டத்தில் 302ஆவது பிரிவு, புதியதில் 339. உங்கள் வழக்கு அங்கேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

வழிப்பறி வழக்கு ஒன்றில் நான் சாட்சி. “நாளைக்கு வருமுன் என்னை வந்து பாருங்கள்” என்று அரசு வக்கீல் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தால் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா?
– மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி

போய்ப் பாருங்கள். நடந்து மூன்று வருடமான விஷயத்தை, எந்தத் தேதி, எந்த இடம் என்று உங்களுக்கு நினைவு இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டாமா? உங்களோடு பேசுவது தப்பில்லை. “இப்படிச் சொல்லுங்கள்” என்று வாயில் வார்த்தையைத் திணிப்பதுதான் தப்பு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், “நேற்று அரசு வக்கீலைப் பார்த்தீர்களா?” என்று குரலை உயர்த்திக் கேட்பார். நிறைய சாட்சிகள் இந்த இடத்தில் வெலவெலத்துப்போய் “இல்லை” என்று பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். பார்த்திருந்தால் “ஆமாம், பார்த்தேன்” என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு பாட்டி ஞாபகம் வந்துவிட்டார். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் நான் இருந்தபோது வந்த அடிதடி வழக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருமுனையில் ஒருவர் மண்டையில் கட்டையால் அடித்துவிட்டு ஆள் ஓடிவிட்டான். குற்றம் சாட்டப்பட்டவன் இருபத்திரண்டு வயதுப் பையன். பார்த்த சாட்சிகள் ஐந்து பேர். ஐந்து பேரின் போலீஸ் வாக்குமூலத்திலும் ஒரே வரி: “தெருவிளக்கு வெளிச்சத்தில் அடையாளம் கண்டுகொண்டேன்.” இந்த வரி எங்களுக்குப் பழகிப்போன வரி. ராத்திரிச் சம்பவம் என்றால் தமிழ்நாட்டில் விளக்கு எரியாமல் இருந்ததே இல்லை, மின்வெட்டுக் காலத்தில்கூட! போலீஸ் போட்ட சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தில் தெருமுனையில் சின்ன வட்டம் போட்டு “தெரு விளக்கு” என்று எழுதியும் இருந்தது.

நாலு சாட்சிகளை விசாரித்தாயிற்று. நாலு பேரும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் அந்தத் தெருவில் மாடு வைத்திருக்கும் பாட்டி. வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“பாட்டி, அன்னைக்கு விளக்கு எரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“அந்த முக்குல கம்பமே கிடையாதும்மா. போன பொங்கலுக்குத்தான் நட்டாங்க.”

சம்பவம் நடந்தது அதற்கு முந்தைய ஆடி மாதம். “அப்ப வாக்குமூலத்துல இப்படி இருக்கே?” என்றேன். “அதுல நான் கையெழுத்தா போட்டேன்? அவங்களா எழுதிக்கிட்டாங்க” என்றார். உண்மைதான். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம்.

அப்போது எனக்கு மூன்று வழிகள் இருந்தன. பாட்டி தேவையில்லை என்று மெமோ போட்டு அனுப்பிவிடலாம். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தினமும் நடப்பதுதான். கூண்டில் ஏற்றி, விளக்கைப் பற்றி நான் கேட்காமல், எதிர்த்தரப்பும் கேட்காமல் விட வேண்டுமே என்று சாமி கும்பிடலாம். இல்லையென்றால் நானே கேட்கலாம். விஷயம் தெரிந்து இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். “கிழவியை விட்டுடலாம் மேடம், நாலு பேரே போதும்” என்றார். நான் கேட்கப்போகிறேன் என்றதும் அவர் முகம் சிவந்துவிட்டது. “மேடம், நீங்க யாரு பக்கம்?”

நான் கேட்டேன். பாட்டி சொன்னார். அதோடு விடாமல், பழைய சட்டத்தின் 311ஆவது பிரிவில் மனுப்போட்டு ஊராட்சி கிளார்க்கைப் பதிவேட்டோடு வரவழைத்தேன். கம்பம் நட்ட தேதி அதில் இருந்தது. சந்தேகத்தின் பலன் பையனுக்குப் போய் விடுதலை ஆனான்.

அடிபட்டவர் தலையில் ஏழு தையல் தழும்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பையன் அடித்தானா இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடித்திருக்கலாம். இருட்டில் ஆளைப் பார்த்ததாகச் சொன்ன நாலு பேரும் குரலை வைத்து அடையாளம் கண்டிருக்கலாம். அதை அப்படியே எழுதியிருந்தால் வழக்கு நின்றிருக்கவும் கூடும். இல்லாத விளக்கை ஏற்றப்போய் இருந்த சாட்சியமும் அணைந்துவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரை எப்படியாவது தண்டனையில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்ற தாகம் அரசு வக்கீலுக்குக் கூடாது என்று 1999இல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானது கையில் இருந்தால் அதையும் நீதிபதி முன் வைக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இன்ஸ்பெக்டருக்கு இதைச் சொன்னேன். அவர் அந்த வருடம் முழுக்க என்னோடு பேசவில்லை.

சாட்சிக்கு மிரட்டல் வந்தால் அரசு வக்கீல் ஏதாவது செய்வாரா?
– வாசகி, தேனி

செய்ய வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. மாவட்ட நீதிபதி தலைவர், மாவட்டக் காவல் தலைமை அதிகாரி உறுப்பினர், மாவட்ட அரசு தரப்பு வழக்குத் துறைத் தலைவர் உறுப்பினர் செயலர். மனு அந்தச் செயலர் வழியாகத்தான் போகும். மிரட்டல் எந்த நாள், யார் மூலமாக, எந்த எண்ணிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது வராந்தாவோடு போய்விடும்.

ஜாமீன் மனு என்றாலே அரசு தரப்பு “கடும் ஆட்சேபம்” என்கிறதே, படித்துப் பார்த்துத்தான் சொல்கிறார்களா?
– வாசகர், தாம்பரம்

மாட்டிவிட்டீர்கள். காவல் நிலையத்திலிருந்து வரும் குறிப்பில் அந்த இரண்டு சொற்கள் அச்சடித்த மாதிரியே இருக்கும். பட்டியல் நீளமான நாட்களில் நானும் அப்படியே வாசித்திருக்கிறேன். படித்துப் பார்த்து, “ரிக்கவரி (பொருள் மீட்பு) முடிந்துவிட்டது, மருத்துவமனையில் இருந்தவர் வீடு திரும்பிவிட்டார், நீதிமன்றம் தகுந்த உத்தரவு போடலாம்” என்று சொன்ன நாட்களும் உண்டு. அந்த நாட்களில்தான் வேலை பார்த்த திருப்தி இருந்தது.

குற்றப்பத்திரிகையைத் தயாரிப்பது போலீஸா, அரசு வக்கீலா?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

போலீஸ். இதற்கு நம் ஊர் வழக்கே தீர்ப்பாக இருக்கிறது. திருமணமாகிச் சில மாதங்களில் இறந்துபோன பெண்ணின் வழக்கு ஒன்றில், அரசு வக்கீலின் கருத்தைக் கேட்டுத் திருத்திய குற்றப்பத்திரிகை போடும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, அது தவறு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு என்று தேடிப் படியுங்கள். யார் மேல் குற்றம் சாட்டுவது என்ற முடிவு விசாரணை அதிகாரியின் சொந்த முடிவாக இருக்க வேண்டும். அரசு வக்கீலின் இடம் நீதிமன்றம்.

நடைமுறையில், வரைவை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ. வந்து “ஒரு தடவை பார்த்துடுங்க மேடம்” என்பார். பார்ப்போம், ஓட்டையைச் சொல்வோம். புதிய சட்டம் அரசு வழக்குத் துறையின் துணை இயக்குநருக்கு, ஏழு வருடத்துக்குக் குறையாமலும் பத்து வருடத்துக்குள்ளும் தண்டனை உள்ள வழக்குகளில் போலீஸ் அறிக்கையைச் சரிபார்க்கும் வேலையையே கொடுத்திருக்கிறது. சரிபார்ப்பது வேறு, முடிவெடுப்பது வேறு. தேர்வில் இந்த இடத்தில்தான் மடக்குவார்கள்.

அரசு நினைத்தால் எந்தக் கிரிமினல் வழக்கையும் வாபஸ் வாங்கிவிடலாமாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்தியமங்கலம்

சத்தியமங்கலத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். உங்கள் பக்கத்துத் தாளவாடி மலையில், தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து 2000 ஜூலை 30ஆம் தேதி ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனது நினைவிருக்குமே. அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, மைசூர் சிறையில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் இருந்தவர்களை விட வேண்டும் என்பது. பெங்களூரில் பதற்றம். கர்நாடக அரசு இசைந்தது. சிறப்பு அரசு வக்கீல் தடா குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்க மனுப்போட்டார், மைசூர் சிறப்பு நீதிமன்றமும் அனுமதித்துவிட்டது.

தடுத்தவர் ஒரு தகப்பனார். அவரும் முன்னாள் போலீஸ் அதிகாரி. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட சப்-இன்ஸ்பெக்டரின் அப்பா. அப்துல் கரீம் என்ற அவர் பெயரில்தான் அந்த வழக்கு இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அரசு ஆலோசனை சொல்லலாம், ஆனால் வாபஸ் மனுப்போடலாமா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டியவர் அரசு வக்கீல், அவர் தன் மூளையைப் பயன்படுத்தாமல் போட்ட மனு செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டமே அந்த அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்காமல் அரசு வக்கீல் கையில் கொடுத்து, அதற்கும் மேல் நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறது. (ராஜ்குமார் அடுத்த எட்டாவது நாளே, 108 நாள் கழித்து, பத்திரமாக வந்துவிட்டார். அது வேறு கதை.)

இப்போது இன்னும் இறுக்கம். புதிய சட்டத்தின் 360ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வாபஸுக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ. மேல் உள்ள வழக்கென்றால் உயர் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு அது.

ஆனாலும் மேலிடத்திலிருந்து போன் வரும். எனக்குச் சின்ன வழக்குகளில் வந்திருக்கிறது. “எழுத்தில் கொடுங்கள், ஃபைலில் வைத்து யோசிக்கிறேன்” என்பேன். ஒருவரும் எழுத்தில் கொடுத்ததில்லை.

அரசு வக்கீலே ஒழுங்காக நடத்தாவிட்டால் கேட்பார் யார்?
– வாசகி, நாமக்கல்

கேட்டிருக்கிறார்கள். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு ஏன் பெங்களூருக்குப் போனது என்று பலருக்கு மறந்துவிட்டது. முக்கியமான காரணங்களில் ஒன்று அரசு வக்கீலின் மௌனம். ஆட்சி மாறிய பிறகு 76 சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு, 64 பேர் முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு தரப்பு அவர்களைப் பிறழ்சாட்சி (சொன்னதை மாற்றிய சாட்சி) என்று அறிவிக்கவும் கேட்கவில்லை, மறுபடி கேள்வி கேட்டு விசாரிக்கவும் இல்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் போட்ட மனுவில் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. பிறகு தண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டில், தமிழக அரசு நியமித்த அரசு வக்கீல் பவானி சிங் ஆஜரானது செல்லாது, நியமிக்கும் அதிகாரம் கர்நாடக அரசுக்கு மட்டும்தான் என்று 2015 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு.

அவ்வளவு பெரிய வழக்குக்குத்தான் இதெல்லாமா என்று கேட்பீர்கள். இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் அதன் விதி 4(5)இன்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள மூத்த வக்கீலை நியமிக்கும்படி கலெக்டரிடம் கேட்கலாம். இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை, காரணம் ஒருவரும் சொல்வதில்லை. மற்ற வழக்குகளில், சிறப்பு அரசு வக்கீல் வேண்டும் என்று அரசிடம் மனுக் கொடுத்து, பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றம் போகலாம். விடுதலைத் தீர்ப்பு வந்து அரசு மேல்முறையீடு செய்யாமல் சும்மா இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்யலாம். “அரசு வக்கீல் சரியில்லை” என்று மொத்தமாக எழுதாமல், எந்தத் தேதியில் எந்தச் சாட்சியிடம் எதைக் கேட்காமல் விட்டார் என்று எழுதுங்கள்.

ஏ.பி.பி. ஆக ஆசை. வீட்டில், “கொலைகாரன் முகத்திலயா முழிக்கப் போறே?” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– இளம் வழக்கறிஞர், சேலம்

கொலை வழக்கெல்லாம் செஷன்ஸ் கோர்ட்டில், அங்கே நிற்பவர் பி.பி., அதாவது அரசு வழக்கறிஞர். அவரையும் அடிஷனல் பி.பி.யையும் பிராக்டீஸில் இருக்கும் வக்கீல்களிலிருந்து அரசு குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கும்; ஏழு வருட அனுபவமாவது வேண்டும். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறும். ஏ.பி.பி. வேலை அப்படியில்லை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருவது, நிரந்தரம். கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருடம் பிராக்டீஸ் செய்திருக்க வேண்டும். வீட்டில் சொல்லுங்கள், நீங்கள் முழிக்கப்போவது அதிகமும் திருட்டு, அடிதடி, விபத்து வழக்குக்காரர்கள் முகத்தில்தான். அதிலும் பாதிப் பேர் உங்களைவிடப் பயந்துபோய் நிற்பார்கள்.

தேர்வுக்குப் படிப்பதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். கட்டு கைக்கு வந்ததும் எல்லாரும் எஃப்.ஐ.ஆரைத்தான் முதலில் புரட்டுவார்கள். நீங்கள் ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை எடுங்கள். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரமும், டாக்டரிடம் எத்தனை பேர் எதனால் அடித்ததாகச் சொன்னார் என்பதும் அதில் ஒரே வரியில் இருக்கும். டாக்டர் கையெழுத்து புரியாது, லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் “தெரிந்த நபர்கள் மூன்று பேர்” என்று இருந்து, எஃப்.ஐ.ஆரில் அது ஏழு பேராகியிருந்தால், மீதி நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள்.